மீத்திறன் மாணவரும் வாவிக்கரைப் பாடசாலைகளும்

கல்வியிற் சமவாய்ப்பு என்னும் கோட்பாடு பேசப்படும்போதெல்லாம், பின்தங்கிய மாணவரைப் பற்றியே நாம் பெரும்பாலும் சிந்திக்கின்றோம். அது நியாயமானதே. ஆயின், பின்தங்கிய பாடசாலையொன்றிற் கற்கும் மீத்திறன் வாய்ந்த பிள்ளையைப் பற்றி நாம் சிந்திப்பது அரிது. அப்பிள்ளை தன் வகுப்பிற் பிறரை விட விரைவாகக் கற்றுவிடுகின்றது. கற்ற பின் செய்வதற்கு எதுவுமின்றி அமர்ந்திருக்கின்றது. நமது கல்விமுறை அதற்குத் திறந்து வைத்துள்ள வாயில் ஒன்றே: ஐந்தாந் தரத்தில் ஒரு பரீட்சை, அதிற் சித்தியெய்தின், ஊரைவிட்டு நகர்ப்புறப் பாடசாலைக்குச் செல்லும் உரிமை. இவ்வாயில் எவ்வாறு உருவாயிற்று, அது எதனைச் சாதித்தது, எதனைச் சாதிக்கத் தவறியது, இனிச் செய்யத்தக்கன யாவை என்பவற்றை மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு கரைகள்

மட்டக்களப்பு வாவி, வடக்கே பங்குடாவெளியிலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்திற்குக் கிடக்கின்றது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் காடுமாக விரியும் நிலத்தைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். ஞாயிறு எழுவதும் படுவதும் கொண்டு இடப்பட்ட இப்பெயர்கள் காலப்போக்கில் ஒரு சமூக வேறுபாட்டினையும் குறிக்கலாயின. பெருந்தெரு, புகையிரத நிலையம், மருத்துவமனை, நிருவாக அலுவலகங்கள் யாவும் எழுவான்கரையிலும் நகரிலும் அமைந்தன. 1814 இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடக்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும், 1873 இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரியும் நகருக்குரியனவே. படுவான்கரை நெல்லையும் பாலையும் தந்தது. கல்வியை நாடிய அதன் பிள்ளைகள் வாவியைக் கடக்க வேண்டியவர்களாயினர்.

கடத்தல் என்பது இங்கு உவமையன்று. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, அத்துறையில் மக்களும் வாகனங்களும் 'பாதை' எனப்படும் மிதவையிலேயே அக்கரை சென்றனர். பாலம் வந்தமை பெரும் நன்மையே. எனினும், பாலம் இரு திசைகளிலும் செல்வதற்குரியது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். பிள்ளை நகருக்குச் செல்வதற்கு அது உதவுவது போலவே, ஆசிரியர் நகரிலிருந்து காலையில் வந்து பகலிற் திரும்புவதற்கும் உதவுகின்றது. பாடசாலை விட்ட பின்பு ஊரில் ஆசிரியர் இல்லை என்றால், மீத்திறன் மாணவருக்குரிய மேலதிக வேலைகள் யாருடைய பொறுப்பில் நடைபெறும்?

மத்திய பாடசாலை என்னும் கருத்து

இலவசக் கல்வித் திட்டம் 1945 இல் நடைமுறைக்கு வந்தது. கல்வி அமைச்சராக விளங்கிய சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, கட்டணத்தை நீக்குவதோடு அமையாது, நாட்டின் கிராமப் பகுதிகளில் மத்திய பாடசாலைகளை நிறுவுவதிலும் ஈடுபட்டார். அவரது பதவிக்கால முடிவில் அவை 54 ஆயின. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் இத்திட்டத்தோடு பிறந்தது. கிராமப் பாடசாலையிற் கற்ற ஏழைப் பிள்ளை, மத்திய பாடசாலையில் விடுதியில் தங்கிக் கற்பதற்கு அரசு செலவு செய்தது.

மட்டக்களப்பில் இத்திட்டத்தின் பெரும் பயன் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயமாகும். அரசாங்க சபையில் மட்டக்களப்பு - திருகோணமலைத் தொகுதியின் உறுப்பினராயிருந்த வ. நல்லையாவின் பெயர் அதன் தோற்றத்தோடு இணைத்து நினைவுகூரப்படுகின்றது. அது நகரில் அமைக்கப்படாது, வயல்கள் சூழ்ந்த கிராமத்தில் அமைக்கப்பட்டமை கவனிக்கத்தக்கது. 'திறமையுள்ள பிள்ளையை நகரின் நல்ல பாடசாலைக்கு அனுப்புதல்' என்பது ஒரு கருத்து. 'திறமையுள்ள பிள்ளைகள் வாழும் புறத்திலே நல்ல பாடசாலையை அமைத்தல்' என்பது பிறிதொரு கருத்து. மத்திய பாடசாலையின் மூலக் கருத்து இரண்டாவதேயாகும்.

அமிர்தகழியைச் சேர்ந்த சி. மௌனகுரு வந்தாறுமூலையிற் கற்றவர். பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பயின்று, பேராசிரியர் சு. வித்தியானந்தன் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்க முயற்சிகளில் முன்னின்று ஆடியவர். 1981 இல் வந்தாறுமூலைப் பாடசாலையின் வளாகத்திலேயே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1986 இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. மாணவராகக் கற்ற அவ்விடத்திற்கு அவர் பேராசிரியராகத் திரும்பினார். திறமை ஊரைவிட்டு நீங்கி, வளர்ந்து, மீண்டும் ஊரை வந்தடைந்து பிறரையும் வளர்த்தமைக்கு இது ஓர் உதாரணம். இவ்வாறான வட்டம் நிறைவுறுவது விதியா, விலக்கா என்பதே நமது வினா.

இதற்கு முன்னும் இத்தகையதொரு வட்டத்தைப் பிரதேசம் கண்டுள்ளது. 1892 இற் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர், கல்முனையிலும் பின் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றார். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். துறவு பூண்ட பின் அவர் ஆற்றிய பணிகளுள் தலையானது, கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை உருவாக்கியமையாகும். தமக்குக் கிடைத்த கல்வியை ஏனைய பிள்ளைகளுக்கும் அருகிற் கொண்டுவருதலே திறமையின் கடன் என அவர் கருதினார் என்பதை அவரது செயல் காட்டுகின்றது.

பரீட்சை எதனை அளக்கின்றது?

மத்திய பாடசாலைகளுக்கு மாணவரைச் சேர்ப்பதற்கெனத் தோன்றிய புலமைப்பரிசில் பரீட்சை காலப்போக்கில் உருமாறியது. இன்று ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பிள்ளைகள் அதற்குத் தோற்றுகின்றனர். வறிய மாணவருக்கு உதவிப்பணம் வழங்குவதும், புகழ்பெற்ற பாடசாலைகளுக்கு ஆறாந் தரத்தில் மாணவரைத் தெரிவதும் அதன் இரு பணிகள். இவற்றுள் இரண்டாவதே பெற்றோரின் உள்ளத்தை ஆட்கொண்டுள்ளது. நுண்மதியை அளப்பதாகக் கருதப்படும் வினாத்தாளுக்கும் பயிற்சி நூல்கள் உள்ளன. தனியார் வகுப்புகள் உள்ளன. மாதிரி வினாத்தாள்கள் நூற்றுக்கணக்கில் விற்பனையாகின்றன. பயிற்சியாற் கூட்டத்தக்க புள்ளியை இயற்கைத் திறனின் அளவு எனக் கொள்வது எங்ஙனம்? பயிற்சிக்குப் பணமும் நேரமும் வேண்டும். படித்த பெற்றோரின் துணையும் வேண்டும். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 'பண்பாட்டு மூலதனம்' எனக் குறித்தது இதனையே.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1944 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின், பதினொரு வயதிலே ஒரு பரீட்சையாற் பிள்ளைகள் வெவ்வேறு வகைப் பாடசாலைகளுக்குப் பிரிக்கப்பட்டனர். 1965 இன் பின் அந்நாட்டின் பெரும்பகுதி அதனைக் கைவிட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1921 இல் லூயிஸ் டேர்மன் என்னும் உளவியலாளர், உயர்ந்த நுண்மதி ஈவுடைய பிள்ளைகளைக் கலிபோர்னியாவிலே தெரிந்து, 1500 இற்கு மேற்பட்டோரை வாழ்நாள் முழுதும் தொடர்ந்து ஆராயும் முயற்சியைத் தொடக்கினார். அத்தெரிவிற் சோதிக்கப்பட்டுத் தகுதி போதாதென விடப்பட்ட சிறுவருள் வில்லியம் ஷொக்லி, லூயிஸ் அல்வாரெஸ் என்போரும் அடங்குவர். முன்னவர் 1956 இலும் பின்னவர் 1968 இலும் பௌதிகவியலுக்கான நோபல் பரிசினைப் பெற்றனர். தெரிவு செய்யப்பட்டோருள் எவரும் அப்பரிசைப் பெற்றிலர். ஒரு நாளைய அளவீட்டின் மீது ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை ஏற்றுதல் தகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

1978 இல் யோசப் ரென்சுலி என்னும் கல்வியாளர், மீத்திறன் என்பது நுண்மதி ஒன்றே அன்று எனக் காட்டினார். சராசரிக்கு மேற்பட்ட ஆற்றல், எடுத்த காரியத்தில் நிலைத்து நிற்கும் ஈடுபாடு, ஆக்கத்திறன் என்னும் மூன்றும் ஒன்றையொன்று சந்திக்குமிடத்திலேயே மீத்திறன் வெளிப்படுகின்றது என்பது அவரது கருத்து. ஆகவே மீத்திறன் ஒரு பிள்ளை 'உடையது' அன்று. தக்க சூழலிற் பிள்ளை 'காட்டுவது' எனலாம். அவ்வாறாயின், சூழலை வழங்காது திறனைத் தேடுவது, விதையை நீரூற்றாது வைத்து முளைத்ததா எனப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

ஊர்ப்பாடசாலை இழப்பது

வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளை நகருக்குச் செல்கின்றது. அப்பிள்ளைக்கு அது நன்மையாகலாம். ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் இவ்வழியாலேயே மருத்துவராகவும் பொறியியலாளராகவும் ஆசிரியராகவும் உயர்ந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், எஞ்சிய பாடசாலையின் நிலையையும் நோக்குதல் வேண்டும். ஆறாந் தர வகுப்பு தன் முன்னணி மாணவரை இழந்தே தொடங்குகின்றது. எஞ்சியோர், தாம் தெரியப்படாதவர் என்ற எண்ணத்தோடு பத்து வயதிலேயே அமர்ந்திருக்கின்றனர். வசதியுள்ள பெற்றோர் பரீட்சைக்குக் காத்திராது பிள்ளைகளை முன்னரே அகற்றிவிடுகின்றனர். மாணவர் தொகை குறைய ஆசிரியர் தொகையும் குறைகின்றது; உயர்தர விஞ்ஞானப் பிரிவு கனவாகின்றது; பிரிவு இல்லாமையாற் பிறரும் வெளியேறுகின்றனர். இவ்வாறு ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிச் சுழல்கின்றது.

இச்சுழலில் அகப்பட்டுக் கண்ணுக்குத் தெரியாது போகும் பிள்ளையே நமது கவலைக்குரியது. பரீட்சைக் காலத்திலே தாய் மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுப் பணிபுரிய, தங்கையைப் பராமரித்த சிறுமி. வேளாண்மை வெட்டுக் காலத்தில் வயலுக்குச் சென்ற சிறுவன். பன்னிரண்டாம் வயதிலேயே கணிதத்தில் ஆர்வம் தலைப்பட்ட பிள்ளை. ஐந்தாந் தரத்திற்குப் பின் இவர்களை நோக்கி ஒருவரும் வருவதில்லை. பதினாறு வயதிற் கல்வியை நிறுத்தும்போது, 'படிப்பில் விருப்பமில்லை' என்ற குறிப்பே எஞ்சுகின்றது.

சமமற்ற பாடசாலைகளிற் கற்றோரை ஒரே அளவுகோலால் அளத்தல் நீதியன்று என்னும் கருத்து நமது நாட்டிற்குப் புதியதன்று. 1970களில் மொழிவாரித் தரப்படுத்தல் தமிழ் மாணவருக்கு இழைத்த அநீதி வேறு. அதன் பின் வந்த மாவட்ட அடிப்படை வேறு. பின்னதால் முன்னேறிய மாவட்டங்களின் மாணவர் இடமிழந்தனர் என்பதும், மட்டக்களப்பு போன்ற மாவட்டங்களுக்கு வாயில் திறந்தது என்பதும் ஒருங்கே உண்மைகளாகும். ஆனால் மாவட்டம் என்பதும் ஒருபடித்தானதன்று. நகரின் நடுவிலுள்ள பாடசாலையும் வெல்லாவெளிக்கு அப்பாலுள்ள சிற்றூர்ப் பாடசாலையும் ஒரே வெட்டுப்புள்ளிக்கு உட்படுகின்றன. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997 இல், ஒவ்வோர் உயர்நிலைப் பாடசாலையிலும் முதற் பத்து விழுக்காட்டினருள் அடங்குவோருக்கு அரச பல்கலைக்கழகங்களில் அனுமதி வழங்கும் சட்டத்தை இயற்றியது. ஒரு பிள்ளையை அதே சூழலில் வளர்ந்த ஏனைய பிள்ளைகளோடு ஒப்பிட்டே மதிப்பிடவேண்டும் என்ற நியாயம் அதிற் பொதிந்துள்ளது.

அண்ணாவியாரின் முறை

திறனைக் கண்டறிவதற்கு இப்பிரதேசத்திலேயே நீண்டகாலமாக ஒரு முறை நிலவி வந்துள்ளது. வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பழக்கும் அண்ணாவியாரின் முறையே அது. குரலும் தோற்றமும் நோக்கிப் பாத்திரங்களைப் பங்கிட்டுச் சட்டம் கொடுத்த பின், மாதக்கணக்கிற் களரியிலே பயிற்சி நடைபெறும். சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் ஆகிய படிகளைக் கடந்தே கூத்து அரங்கேறும். இங்குத் தெரிவும் பயிற்சியும் இரு வேறு காரியங்களல்ல. பழக்கப் பழக்கவே யாருக்குத் தாளம் நிற்கின்றது, யாருக்கு ஆட்டம் படிகின்றது, யார் பிறர் பாட்டையும் மனத்திற் கொண்டுள்ளார் என்பன அண்ணாவியாருக்குத் தெரியவருகின்றன. சிறு பாத்திரம் ஏற்றவரும் களரியைவிட்டு நீக்கப்படுவதில்லை. சிறந்த ஆட்டக்காரர் வேறோர் ஊருக்கு அனுப்பப்படுவதும் இல்லை.

இம்மரபை நாம் இலட்சியமயப்படுத்தவில்லை. பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். சாதி சார்ந்த வரையறைகளும் களரியைச் சூழ்ந்திருந்தன. எனினும், கற்பித்தலினூடாகவே திறனைக் கண்டறிதல் என்னும் அதன் அடிப்படை, கல்வியியலார் இன்று வற்புறுத்தும் கருத்தோடு பொருந்துகின்றது. ரென்சுலியும் அவரது குழுவினரும் வகுத்த திட்டத்தில், பாடசாலையொன்றின் மாணவருள் 15 முதல் 20 விழுக்காட்டினர் அடங்கிய பரந்த குழுவொன்றிற்கு மேலதிக வாய்ப்புகள் அளிக்கப்படுகின்றன. ஆர்வம் காட்டுவோர் ஆழ்ந்த முயற்சிகளிற் புகுவர், முடித்ததும் வெளிவருவர், பிறர் புகுவர்.

1984 இல் மீத்திறன் மாணவருக்கெனத் தனித் திட்டத்தைத் தொடக்கிய சிங்கப்பூர், தெரிந்தெடுத்த ஒரு சில பாடசாலைகளிலே அவர்களை ஒன்றுசேர்த்துக் கற்பித்தது. நாற்பது ஆண்டுகளின் பின், 2024 இல், அவ்வடிவத்தைக் கைவிட்டு, ஒவ்வோர் ஆரம்பப் பாடசாலையும் தன் மாணவருக்குரிய திட்டத்தை நடத்துமென்றும், மேலதிக ஆர்வமுடையோர் பாடசாலை விட்ட பின் அயற்பாடசாலையிற் கூடிக் கற்பரென்றும் அறிவித்தது. செல்வமும் ஆசிரிய வளமும் மிக்க நாடொன்று, அனுபவத்தின் பின் பிள்ளையின் சொந்தப் பாடசாலைக்கே திரும்பியமை சிந்திக்கத்தக்கது.

செய்யத்தக்கன

முதலாவதாக, கண்டறிதல் ஒரு நாட் செயலாக இருத்தலாகாது. மூன்றாந் தரம் முதல் எட்டாந் தரம் வரை ஒவ்வோர் ஆண்டும், பிள்ளையின் ஆக்கங்கள், ஆசிரியரின் அவதானிப்பு, சக மாணவரின் கருத்து ஆகியவற்றின் துணையால் ஒவ்வொரு பாடசாலையும் தன் மாணவருள் ஐந்திலொரு பகுதியினரைத் தெரிதல் வேண்டும். ஆசிரியரின் விருப்பு வெறுப்புகள் இதிற் புகக்கூடும். எனவே ஒருவரின் தீர்ப்பை மட்டும் ஏற்காது, பல வழிகளுள் ஒன்றினாலேனும் வெளிப்பட்ட பிள்ளையைச் சேர்த்தல் வேண்டும்.

இரண்டாவதாக, அயலிலுள்ள பாடசாலைகள் கொத்தணியாக இணைந்து செயற்படலாம். 1981 ஆம் ஆண்டுக் கல்வி வெள்ளை அறிக்கையே கொத்தணிப் பாடசாலை முறையை முன்வைத்தது. தனித்தனியே ஒரு கணித ஆசிரியரைப் பெறவியலாத ஐந்து பாடசாலைகள், வாரத்தில் ஒரு பிற்பகல் ஒன்றுகூடி ஒருவரைப் பெறலாம். மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா வலயங்களின் தொலைவான பாடசாலைகளிலிருந்து இம்முயற்சி தொடங்குதல் பொருத்தமானது. பிள்ளைகளின் போக்குவரத்துச் செலவும் பிற்பகல் உணவும் திட்டத்தின் பகுதியாதல் வேண்டும். இன்றேல் வறிய பிள்ளையே முதலில் விலகும்.

மூன்றாவதாக, மேலதிகக் கற்றல் என்பது மேலதிகப் பயிற்சித் தாள் அன்று. ஒரு பாடத்தில் விரைந்து செல்லும் பிள்ளைக்கு அப்பாடத்தில் மேல் வகுப்புப் பகுதிகளைக் கற்க இடமளித்தல் வேண்டும். அதனோடு, உண்மையான வினாக்களை ஆராயும் வாய்ப்பும் வேண்டும். வாவியே பெரிய ஆய்வுகூடம். முகத்துவாரம் திறக்கும்போதும் அடைபடும்போதும் நீரின் உப்புத்தன்மை எவ்வாறு மாறுகின்றது? அதற்கேற்ப இறாலும் மீனும் எவ்வாறு இடம்பெயர்கின்றன? கண்டற்காடு அழிந்த கரையில் என்ன நிகழ்கின்றது? நிலவொளி இரவிற் கேட்கும் பாடுமீனின் ஓசையை 1950களிற் புனித மிக்கேல் கல்லூரித் துறவி ஒருவர் நீருள் ஒலிவாங்கியை இறக்கிப் பதிவுசெய்தார். இன்று ஒரு மாணவர் குழு அவ்வாய்வைத் தொடர்வதற்கு வேண்டிய கருவிகள் எளிதிற் கிடைப்பன. மீனவரான தந்தையும் தாத்தாவும் அறிந்தவை இங்குக் கல்விக்கு மூலமாகின்றன; வீட்டறிவு இழிவெனக் கருதும் மனப்பான்மையும் நீங்குகின்றது.

நான்காவதாக, பிரதேசத்தின் உயர்கல்வி நிறுவனங்கள் பொறுப்பேற்றல் வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகம், அதனோடு இணைந்த சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகம், தாழங்குடாவிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரி ஆகியன வாவிக்கரையிலேயே அமைந்துள்ளன. கல்வியியற் கல்லூரியிற் பயில்வோர், மீத்திறன் பிள்ளையை இனங்காணவும் ஒரே வகுப்பறையிற் பல வேகத்தினருக்குக் கற்பிக்கவும் பயிலுதல் வேண்டும். பல்கலைக்கழக மாணவர் வாரத்தில் ஒரு நாள் கொத்தணிக்குச் செல்லலாம். தமிழ், முஸ்லிம் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்த இப்பிரதேசத்தில், போரினால் விலகிய சமூகங்களின் பிள்ளைகள் ஒரே வினாவை ஆராய ஒன்றுகூடுவது கல்விக்கு அப்பாலும் பயன் தருவதாகும்.

ஓர் ஆட்சேபம்

முற்போக்காளர் சிலர், மீத்திறன் மாணவருக்கெனத் திட்டம் வகுப்பதே உயர்ந்தோர் குழாமொன்றை உருவாக்கும் முயற்சி என்பர். இவ்வச்சம் வெறுமையானதன்று. தகுதியாட்சி எனும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லை 1958 இல் மைக்கல் யங் தம் நூலிற் பிரபலப்படுத்தியது, அதனைப் போற்றுவதற்கன்று, எள்ளுவதற்கே. ஆயின், பொதுத் திட்டம் இல்லாதவிடத்துச் சமத்துவம் விளைவதில்லை, சந்தையே விளைகின்றது. வசதியுள்ள வீட்டின் மீத்திறன் பிள்ளைக்குத் தனியார் வகுப்பும் நூல்களும் கணினியும் கிடைக்கின்றன. பொதுப் பாடசாலை கைவிட்டால் இழப்பது வறிய வீட்டின் பிள்ளை மட்டுமே.

இக்காரணத்தாலேயே, புலமைப்பரிசில் பரீட்சையை மாற்று ஏற்பாடின்றி ஒழித்துவிடுக என்றும் நாம் கூறவில்லை. குறையுடையதாயினும், படுவான்கரைப் பிள்ளைக்கு இன்றுள்ள வாயில் அதுவே. புதிய வாயில்கள் திறந்த பின்பே பழையதன் பாரம் குறையும். உதவிப்பணத்தை வறுமையின் அடிப்படையிலும், மேலதிகக் கற்றலைப் பிள்ளையின் பாடசாலையிலும் வழங்கத் தொடங்கினால், ஊரைவிட்டு நீங்கும் அனுமதிச்சீட்டாக அப்பரீட்சை இருக்கவேண்டிய தேவை படிப்படியாக அற்றுப்போகும்.

சுருங்கக் கூறின், எட்டுத் தசாப்தங்களாக நாம் மீத்திறன் மாணவரை வாவிக்கு அப்பால் அழைத்துச் செல்வதையே திட்டமாகக் கொண்டோம். கல்வியை வாவிக்கு அப்பால் கொண்டுசெல்லுதல் வேண்டும் என்னும் மத்திய பாடசாலையின் மூலக் கருத்து இடைவழியில் மறக்கப்பட்டது. அதனை மீட்டெடுத்தலே இன்றைய கடமை. படுவான்கரைப் பிள்ளை தன் ஊரில், தன் பாடசாலையில், தன் தோழரோடு அமர்ந்து தன் ஆற்றலின் எல்லைவரை கற்கும் நிலை உருவாகுமாயின், அப்பிள்ளை மட்டுமன்றி அவ்வகுப்பறை முழுவதும் உயரும்.